ஒருபாலினத் திருமணமும் சிங்கப்பூர் அரசமைப்பின் 156ஆவது பிரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் இரண்டு மசோதாக்களைச் சேர்த்தே விவாதித்து நிறைவேற்றியது. ஒன்று, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியது. இன்னொன்று, திருமணம் பற்றி அரசமைப்புச் சட்டத்தில் 156ஆவது பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. முதலாவதைப் பற்றி ஓரளவு எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றித்தான் உறவினர் வீட்டு விருந்திலும் அலுவலகத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லும் இடத்தில் என் கருத்து என்று சொல்லியே சொல்கிறேன்.

முதல்ல இந்த 377ஏ என்னது?

தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு. 1938இல், பிரிட்டிஷ் ஆட்சியில் வந்தது. ஆணும் ஆணும் மனமொத்து, பூட்டிய அறைக்குள் உறவு கொண்டாலும் 2 ஆண்டு வரை சிறை என்றது. பெண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது இதை நீக்குவதா வேண்டாமா என்று பெரிய விவாதம் நடந்தது. சட்டம் இருக்கட்டும், தீவிரமாக அமல்படுத்த மாட்டோம் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் முடித்துவைத்தார். அடுத்த 15 ஆண்டுகள் அப்படியே ஓடின. வழக்கு போட மாட்டார்கள், ஆனால் நீ குற்றவாளிதான் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். அந்த நிலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

அப்போ அதை எடுத்துட்டு, பதிலுக்கு ஒருபாலினத் திருமணத்தை அரசமைப்புல தடை பண்ணிட்டாங்க, சரிதானே?

இல்லை. இந்தத் தொகுப்பையே எழுத வைத்த கேள்வி இதுதான். சிங்கப்பூர் அரசமைப்பில் "திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது" என்ற வரி எங்கும் கிடையாது. தடை இருக்கிறது, ஆனால் அது சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தடையை நீதிமன்றத்தில் சமத்துவ உரிமையைச் சொல்லி உடைக்க முடியாதபடி அரசமைப்பு இப்போது காவல் நிற்கிறது.

ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. "இனி எந்த அரசாங்கம் வந்தாலும் மாற்ற முடியாது" என்று ஒரு பக்கம் நிம்மதி அடைகிறார்கள், இன்னொரு பக்கம் மனமுடைந்து போகிறார்கள். இரண்டுமே தவறான தகவலை நம்பி வந்தவை.

சரி, 156 அப்படி என்னதான் சொல்லுது? வக்கீல் பாஷை வேண்டாம்.

மொத்தம் இரண்டு விஷயம். முதலாவது, திருமணம் என்றால் என்ன என்று வரையறுக்கவும், அதைப் பாதுகாக்கவும் ஊக்குவிக்கவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அரசாங்கமும் அரசு அமைப்புகளும் அதற்கேற்ப நடக்கலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். அரசமைப்பின் நான்காம் பகுதியில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற 12ஆவது பிரிவும் அங்கேதான் இருக்கிறது. ஒரு சட்டமோ அரசின் நடவடிக்கையோ திருமணத்தை ஆண்-பெண் உறவாக வரையறுக்கிறது, அல்லது அந்த வரையறையை வைத்து நடக்கிறது என்ற காரணத்துக்காக, நான்காம் பகுதியைக் காட்டி அது செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் 156.

அப்படின்னா நிஜமான தடை எங்கே இருக்கு?

மாதர் சாசனத்தில், அதாவது திருமணத்துக்கும் குடும்பத்துக்குமான சாதாரணச் சட்டத்தில். அதன் 12ஆவது பிரிவு, திருமண நாளன்று இருவரில் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இல்லாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது. 1996இல் சேர்த்த வாசகம் அது. முஸ்லிம் திருமணங்கள் தனிச் சட்டத்தின் கீழ் வருவதால் மாதர் சாசனத்தின் திருமண விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது.

திருநங்கைகள், திருநம்பிகள் நிலைமை என்ன?

1996 திருத்தத்தின் இன்னொரு பாதி இது, பலருக்குத் தெரியாது. பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை மாறிய பாலினத்தவராகவே திருமணச் சட்டம் ஏற்கிறது. அடையாள அட்டையில் என்ன பாலினம் போட்டிருக்கிறதோ அதுவே போதிய ஆதாரம். அதனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அட்டையை மாற்றிக்கொண்ட ஒரு திருநங்கை ஓர் ஆணை சட்டப்படி மணக்கலாம். அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவருக்கு இந்த வழி இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தந்த தீர்ப்பு இதைவிட ஒரு படி மேலே போனது. இந்து திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்றும், தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது.

377ஏ-வை எடுக்கிறதுன்னா எடுத்துட்டுப் போகவேண்டியதுதானே? எதுக்குக் கூடவே 156?

2022 பிப்ரவரி 28இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையில், 377ஏ-வை முழுக்கவே அமல்படுத்த முடியாது என்றது. 2007இல் தந்த வாக்குறுதியை வைத்து அந்த முடிவுக்கு வந்தது. அது அரசமைப்புக்கு எதிரானதா என்ற கேள்விக்குள் அன்று போகவில்லை. ஆனால் அடுத்த வழக்கில் அரசமைப்பின் 12ஆவது பிரிவின் கீழ் அது விழுந்துவிட வாய்ப்பு அதிகம் என்று அரசின் சட்ட ஆலோசகர்கள் எச்சரித்தார்கள். பிரதமர் லீ ஆகஸ்ட் 21 தேசிய தினப் பேரணி உரையில் இதை வெளிப்படையாகவே சொல்லி, நீக்கப்போவதாக அறிவித்தார்.

377ஏ இருந்தவரை, திருமண வரையறைக்கு எதிராக யாரும் வழக்கு போடத் துணியவில்லை. உறவே குற்றம் எனும்போது திருமணம் எங்கே? அந்தச் சுவர் விழுந்ததும் அடுத்த வழக்கு மாதர் சாசனத்தின் மேல்தான் வரும் என்று அரசு கணக்குப் போட்டது. இந்தியாவைப் பார்த்தால் கணக்கு தப்பில்லை. அங்கே இதே வகைச் சட்டமான 377ஆவது பிரிவு 2018 செப்டம்பரில் தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருமண உரிமை கேட்டு மனுக்கள் உச்ச நீதிமன்றம் போய்விட்டன. தேவாலய அமைப்புகளும் 377ஏ போவதானால் திருமணத்துக்கு அரசமைப்புப் பாதுகாப்பு வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தன. ஆக, 156 என்பது நீக்கத்துக்குக் கொடுத்த விலை. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நாடாளுமன்றத்துல யாராவது எதிர்த்தாங்களா, இல்ல எல்லாரும் கை தூக்கிட்டாங்களா?

அன்றைய சட்ட, உள்துறை அமைச்சர் கா. சண்முகம் 377ஏ-வை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். விவாதம் இரண்டு நாள் நீண்டது. ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) தன் கொறடாக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. அதனால் அதன் உறுப்பினர்கள் பேச்சில் தயக்கத்தைக் காட்டினாலும் வாக்கை மாற்றிப் போட முடியாது. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி தளர்த்தியது. அதனால்தான் அந்தக் கட்சிக்குள் இருந்த வேறுபாடு வாக்கிலேயே தெரிந்தது.

நீக்கத்துக்கு ஆதரவாக 93 பேர், எதிராக 3 பேர். அந்த மூவரில் இருவர் பாட்டாளிக் கட்சியினர், ஒருவர் நியமன உறுப்பினர். அரசமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக 85, எதிராக 2. அந்த இருவரும் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் அன்றைய தொகுதியில்லா உறுப்பினர்களான லியோங் மன் வாய், ஹேசல் புவா. அவர்கள் எதிர்த்ததற்குக் காரணம் அடுத்த கேள்வியில். இரண்டு மாற்றங்களும் 2023 ஜனவரி 3இல் நடப்புக்கு வந்தன.

மக்கள்கிட்டயே வாக்கெடுப்பு வச்சிருக்கலாமே?

முன்னேற்றக் கட்சி கேட்டது அதைத்தான். திருமணத்தின் வரையறையை மக்கள் நேரடி வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும், நாடாளுமன்றத்திடம் விடாதீர்கள் என்றார்கள். அதாவது 156 போதாது என்று எதிர்த்தார்கள், அதிகம் என்று இல்லை. 85-2 என்பதைப் பார்த்து "அந்த இரண்டு பேராவது ஒருபாலினத்தவர் பக்கம் நின்றார்கள்" என்று எழுதுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதலாம்.

சிங்கப்பூரில் இதுவரை நடந்த ஒரே பொது வாக்கெடுப்பு 1962இல், மலேசியாவோடு இணைவது பற்றி. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வாக்கெடுப்பு வைத்த நாடுகளில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். குரோஷியாவில் 2013இல் வாக்களித்தவர்களில் சுமார் 66 விழுக்காட்டினர் தடைக்கு ஆதரவு தந்தார்கள், அது அரசமைப்பில் ஏறியது. ருமேனியாவில் 2018இல் 30 விழுக்காட்டினர் வந்தால்தான் செல்லும் என்றிருக்க, 21 விழுக்காடு வாக்காளர்கள்தான் வந்தார்கள். தைவானில் அதே ஆண்டு மக்கள் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு தந்திருந்ததால் 2019 மே மாதம் திருமணங்கள் தொடங்கின.

சிறுபான்மையாக இருக்கும் ஒரு கூட்டத்தின் குடும்ப வாழ்க்கையை ஊர் முழுக்க வாக்குப்பெட்டியில் போட்டுத் தீர்ப்பதை நான் ஏற்கவில்லை. அந்த வாரங்களில் சுவரொட்டிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போய்வரும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையை நினைத்தாலே போதும்.

கல்யாணம்ங்கிறது ஒரு காகிதம்தானே. சேர்ந்து வாழ்றதை யாரும் தடுக்கலையே, அப்புறம் என்ன குறை?

வீட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சிங்கப்பூரில் எல்லாமே அங்கேதான் தொடங்குகிறது. 21 வயதான ஓர் ஆணும் பெண்ணும் திருமணம் செய்யப்போகிறோம் என்று சொல்லியே புதிதாகக் கட்டித் தரப்படும் நான்கு அறை வீட்டுக்கு (பிடிஓ) அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) விண்ணப்பிக்கலாம். பத்து ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பெண்கள் வீவக கண்ணுக்கு இரண்டு தனி ஆட்கள். 35 வயது வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் புதிய வீடு என்றால் ஈரறை வீடுதான், இல்லாவிட்டால் மறுவிற்பனைச் சந்தைக்குப் போக வேண்டும். அந்தப் பதினான்கு ஆண்டு இடைவெளியில் வாடகையாகப் போகும் பணத்தையும், அம்மா அப்பா வீட்டில் "தோழி" என்று சொல்லிக்கொண்டு கடத்தும் நாட்களையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது மத்திய சேமநிதி (மசேநிதி), அதாவது சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு. உங்கள் மசேநிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று நியமனம் எழுதிவைக்கலாம், யார் பெயரையும் எழுதலாம். எழுதாமல் இறந்தால் சட்டப்படி கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று போகும். சேர்ந்து வாழ்ந்தவருக்கு ஒரு வெள்ளிகூட வராது. உயில் எழுதாத சொத்துக்கும் இதே கதைதான். திருமணமானவர் எதையும் எழுதாமலே பெறும் பாதுகாப்பை இவர்கள் ஒவ்வொரு படிவமாக நிரப்பிப் பெற வேண்டும்: நியமனம், உயில், சுயநினைவு இழந்தால் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தரும் பத்திரம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும், இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்த அண்ணன் வந்து கையெழுத்துப் போடும் நிலை வரும்.

துணைவர் வெளிநாட்டவர் என்றால் இன்னும் கடினம். சிங்கப்பூரரின் கணவன் மனைவிக்குக் கிடைக்கும் நீண்டகால வருகை அனுமதி அட்டை இவர்களுக்கு இல்லை. வேலை அனுமதி முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். காகிதம்தான், ஆனால் இத்தனையும் அந்தக் காகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

பிள்ளை தத்தெடுக்கலாமா?

இருவரும் சேர்ந்து முடியாது. 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வாடகைத்தாய் மூலம் வெளிநாட்டில் தான் பெற்ற மகனைத் தத்தெடுக்க ஒரு தன்பாலீர்ப்பு ஆணுக்கு அனுமதி தந்தது. பிள்ளையின் நலனைப் பார்த்துத் தந்த தீர்ப்பு அது. பிறகு 2022இல் வந்த புதிய தத்தெடுப்புச் சட்டம், சேர்ந்து விண்ணப்பிக்கும் தம்பதியின் திருமணம் சிங்கப்பூர்ச் சட்டம் ஏற்கும் திருமணமாக இருக்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது. மீண்டும் மாதர் சாசனத்தின் 12ஆவது பிரிவிடமே வந்து நிற்கிறோம்.

பாங்காக்ல போய் பதிவு பண்ணிட்டு வந்தா?

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் பதிவு செய்யலாம். அங்கே அது முழுமையான திருமணம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அதற்கு மதிப்பில்லை. மாதர் சாசனத்தின் வாசகத்திலேயே "சிங்கப்பூரிலோ வேறெங்கோ" நடந்த திருமணம் என்று இருக்கிறது.

காலம் காலமா கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தானே? அதை மாத்தாம காப்பாத்துறதுல என்ன தப்பு?

காலம் காலமாக என்று சொல்லும்போது சிங்கப்பூரின் சொந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1961 வரை இங்கே ஓர் இந்து ஆணோ சீன ஆணோ ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகளைச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அதுவும் சமயம், மரபு என்றுதான் நியாயப்படுத்தப்பட்டது. நாடாளுமன்றமாக மாறும் முன் இருந்த சட்டமன்றம் 1961இல் மாதர் சாசனத்தை நிறைவேற்றி, முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்று வரையறையை மாற்றியது. நம் பாட்டிகள் காலத்தில் நடந்த மாற்றம். குடும்பங்கள் சிதறிவிடவில்லை, பெண்களுக்கு நிம்மதி வந்தது. இன்று ஒருபாலினத் தம்பதியைத் தடுக்கும் அதே சட்டம்தான் அன்று திருமணத்தை மாற்றியமைத்த சட்டம்.

நாளைக்கு சட்டம் மாறினா, கோயில்ல இவங்களுக்குத் தாலி கட்டி வைக்கணும்னு கட்டாயப்படுத்துவாங்களா?

இந்தப் பயம் உண்மையானது, கேட்பவர்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் நம் வீடுகளில் நடப்பதையே பாருங்கள். திருமணப் பதிவகத்தில் (ஆர்ஓஎம்) பதிவு ஒரு நாள், கோயிலில் முகூர்த்தம் வேறொரு நாள். பல வீடுகளில் இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில்கூட இடைவெளி உண்டு. சட்டத்துக்கு முதலாவதுதான் திருமணம். சமய அமைப்புகள் தங்கள் சமய விவகாரங்களைத் தாங்களே நடத்தும் உரிமையை அரசமைப்பின் 15ஆவது பிரிவு தனியாகத் தருகிறது. பதிவகத்தின் கதவு திறந்தால் கோயில் கதவும் தானாகத் திறந்தாக வேண்டும் என்று இல்லை.

இனி இது சம்பந்தமா கோர்ட்டுக்கே போக முடியாதா?

போகலாம், ஆனால் வழி குறுகிவிட்டது. திருமணத்தின் வரையறையையோ, அந்த வரையறையை வைத்து எழுந்த கொள்கையையோ சமத்துவ உரிமையைக் காட்டி உடைக்க முடியாது. மேலே சொன்ன வீவக விதிகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். திருமணத்தோடு தொடர்பே இல்லாத பாகுபாடு என்றால் 156 குறுக்கே வராது. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு விழும் என்பதை வருங்கால வழக்குகள்தான் காட்டும்.

பெரும்பான்மை மக்களுக்குப் பிடிக்கல, நாடாளுமன்றம் கேட்டுச்சு. இதுதானே ஜனநாயகம்? கோர்ட்டு எதுக்கு நடுவுல?

அரசின் வாதமும் இதுதான். இது சமூகம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், ஒரு தீர்ப்பில் ஒரு பக்கம் எல்லாம் வென்று இன்னொரு பக்கம் எல்லாம் தோற்பது நாட்டைப் பிளக்கும் என்றார்கள். அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தவர்கள் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அங்கே 2004இலும் 2006இலும் கூட்டாட்சி அரசமைப்பிலேயே தடையை எழுத முயன்றார்கள். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவே 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை முறையே 48, 49. ஆனால் 2004 நவம்பரில் ஒரே நாளில் 11 மாநிலங்கள் தங்கள் அரசமைப்புகளில் தடையை எழுதின. 2015இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று எல்லாவற்றையும் செல்லாததாக்கியது. அந்தக் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை.

இருந்தும் நான் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அடிப்படை உரிமை என்று தனியாக ஒரு பகுதியை அரசமைப்பில் எழுதிவைத்ததே, தேர்தலில் வெல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லாதவர்கள் போய்க் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. சிறுபான்மையாக இங்கே வாழும் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சாராருக்கு மட்டும், ஒரு விஷயத்தில் மட்டும் அந்த இடத்தை மூடியது அநியாயம். நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு சொல்லியிருக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல், திருமணம் அடிப்படை உரிமை ஆகாது, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னது. ஆனால் அங்கே மனுதாரர்களின் பேச்சை ஐந்து நீதிபதிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்கப்படும் அந்த வாய்ப்புதான் இங்கே போனது.

அப்போ ஒருபாலினத் திருமணம் வரணும்னா முதல்ல 156ஐ நீக்கணும், அதுக்கு மூணுல ரெண்டு பங்கு வேணும், நடக்கவே நடக்காது. சரியா?

பாதி சரி. 156ஐ நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆனால் நீக்கத் தேவையே இல்லை. நான்காவது கேள்விக்கான பதிலைத் திரும்பப் பாருங்கள்: வரையறை இருப்பது மாதர் சாசனத்தில். சாதாரணப் பெரும்பான்மையோடு அதைத் திருத்தினால் போதும். திருமணத்தை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று 156 சொல்கிறதே, அது வரையறையை விரிக்கும் அதிகாரமும்தான்.

மனம் வைப்பார்களா என்பது வேறு. தன் பொறுப்பில் நாடு இருக்கும்வரை வரையறை மாறாது என்று லாரன்ஸ் வோங், பிரதமராகும் முன்பே 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டார். 2025 மே தேர்தலில் அவர் தலைமையில் மசெக 97 இடங்களில் 87ஐ வென்றது. மக்கள் மனம் நகர்வதும் தெரிகிறது: 377ஏ இருக்கட்டும் என்றவர்கள் 2018இல் 55 விழுக்காடு, 2022இல் 44 விழுக்காடு என்று இப்சோஸ் ஆய்வு காட்டியது. இனி இந்த வழக்கு நடக்கப்போவது உங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில், புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை எண் வாங்கிக்கொண்டு. அங்கே போய் இதைப் பேச யாருக்கும் தடை இல்லை.